கர்ப்ப ரக்ஷணம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று உத்ஸவக் குழுவினர் பணித்தபொழுது, வழக்கம்போல் வாஹன மஹிமையையோ தீர்த்த மஹிமையையோ எழுதித் தரலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும் சென்ற ஆண்டு கருட ஸேவையன்று கண்ட காட்சி ஒன்று மனத்தை விட்டு நீங்கவில்லை. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அன்று வெயில் ஏறிய வேளை. வரிசையில் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி நின்றிருந்தாள். உதடு வெளுத்து, கண்கள் குழிந்திருந்தன. அருகில் சென்று, "அம்மா, இப்படி நிழலில் சற்று உட்கார். தீர்த்தம் தருகிறேன்" என்றேன். "வேண்டாம் ஸ்வாமி. பெருமாளைக் காணும் வரை பச்சைத் தண்ணீரும் பருகுவதில்லை என்று வேண்டுதல்" என்றாள். "யாருக்காக அம்மா இந்த வேண்டுதல்?" என்று கேட்டேன். தன் வயிற்றின் மேல் கையை வைத்து, "இதற்காகத்தான்" என்றாள்.

எவ்வளவு தூய பக்தி! ஆனால் எவருக்காக அவள் தண்ணீரை விட்டாளோ, அந்தக் குழந்தைக்கும் அன்று தண்ணீர் இல்லை என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமை யாருடையது? அடியேனைப் போன்றவர்களுடையது என்றே இப்பொழுது எண்ணுகிறேன்.

பாரதப் போர் முடிந்தபின் நடந்ததை ஸ்ரீமத் பாகவதம் முதல் ஸ்கந்தத்தில் ஸேவிக்கிறோம். பாண்டவ வம்சத்தின் கடைசித் துளிரும் எஞ்சாதபடி அச்வத்தாமா ப்ரஹ்மாஸ்த்ரத்தை ஏவினான். அது உத்தரையின் கர்ப்பத்தை நோக்கி வந்தது. அவள் ஓடிவந்து கண்ணனைச் சரணடைந்து, அந்த அஸ்த்ரம் தன்னை எரித்தாலும் எரிக்கட்டும், தன் கர்ப்பம் மட்டும் அழியாதிருக்க வேண்டும் என்று விண்ணப்பித்தாள்.

உபந்யாஸங்களில் இந்த இடம் வந்தால், தாய்மையின் தியாகம் என்று சொல்லி ஸபையைக் கண்ணீர் விடச் செய்வோம். அடியேனும் பலமுறை அப்படிச் செய்ததுண்டு. ஆனால் அவள் கேட்டதையே சொல்லிச் சொல்லி, பகவான் கொடுத்ததை விட்டுவிடுகிறோம். "நீ போ, குழந்தையை மட்டும் காக்கிறேன்" என்று அவன் சொன்னானா? இல்லை. அந்தப் பேரத்தையே அவன் ஏற்கவில்லை. கர்ப்பத்தைத் தன் மாயையால் போர்த்திக் காத்தான்; தாயும் எரியவில்லை, சேயும் எரியவில்லை. பிள்ளைக்காகத் தாய் தேய்ந்து போகவேண்டும் என்பது உத்தரையின் பதற்றத்தில் பிறந்த சொல். அது பகவானின் திருவுள்ளம் அன்று. தாயை விட்டுச் சேயைக் காக்கும் வழி ஒன்று உண்டு என்று நம் வீடுகளில் எண்ணுகிறார்களே, அதைப் பற்றித்தான் அடியேனுக்குக் கவலை.

அப்படி ஒரு வழி ஏன் இல்லை? மூன்றாம் ஸ்கந்தத்தில் கபிலாசார்யர் தம் தாயாகிய தேவஹூதிக்குக் கர்ப்பத்தின் நிலையை எடுத்துரைக்கும்போது, தாய் உண்ணும் அன்னத்தாலும் பானத்தாலுமே சிசுவின் தாதுக்கள் வளர்கின்றன என்றும், அவள் உண்ணும் மிகுந்த காரமும் சூடும் உப்பும் உள்ளிருக்கும் சிசுவை வருத்துகின்றன என்றும் சொல்கிறார். பெற்ற தாய்க்கே பிள்ளை கர்ப்ப லக்ஷணத்தை உபதேசிப்பது பாகவதத்தின் அழகுகளில் ஒன்று. இன்றைய வைத்திய சாஸ்திரம் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. சிசுவுக்குத் தனியாக மூச்சு இல்லை, தனியாக உணவு இல்லை. நஞ்சும் தொப்புள்கொடியுமே அதற்கு வாசல். தாயின் ரத்தத்திலுள்ள பிராணவாயு, சர்க்கரை, இரும்புச் சத்து, தைராய்டு சுரப்பு எல்லாம் அவ்வழியாகவே செல்கின்றன. தாயின் ரத்தத்தில் சத்துக் குறைந்தால் குறைவும் செல்லும். சர்க்கரை மிகுந்தால் மிகுதியும் செல்லும்.

இங்கே அடியேன் செய்த பிழை ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஸம்ஸ்க்ருத பாடசாலையை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். 25 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். படித்ததையெல்லாம் அப்படியே நடத்திக் காட்டவேண்டும் என்ற வேகம். வைகுண்ட ஏகாதசிக்கு முன்தினம் ஓர் அம்மாள் வந்து, "மருமகளுக்கு ஏழு மாதம் நிறைந்திருக்கிறது. ஏகாதசி இருக்கிறேன் என்று ஸங்கல்பம் செய்துகொண்டாள். இருக்கலாமா?" என்று கேட்டார். "ஸங்கல்பித்ததை விடலாகாது" என்றேன். ஒரே வரி. அந்தப் பெண் பகல் முழுவதும் உபவாஸம் இருந்து, இரவும் கண் விழித்து, விடியற்காலையில் பரமபத வாசலின் நெரிசலிலேயே மயங்கி விழுந்தாள். நான்கு நாட்களுக்குப் பிறகு, எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தையின் எடை ஒரு கிலோ 600 கிராம். பல வாரங்கள் அது கண்ணாடிப் பெட்டியில் இருந்தது.

உபவாஸத்தால்தான் இப்படி ஆயிற்று என்று வைத்தியர் சொல்லவில்லை. அடியேனும் அப்படிச் சொல்வதற்கில்லை. அவளுக்கு முன்பே கடுமையான ரத்தச் சோகை இருந்தது. ஹீமோக்ளோபின் 7 என்று குறித்த சீட்டு ஒரு மாதமாக அவர்கள் வீட்டு அலமாரியிலேயே கிடந்ததாம். அதைப் பற்றி எவரும் அடியேனிடம் சொல்லவில்லை. அடியேனும் கேட்கவில்லை. "வைத்தியர் என்ன சொல்லியிருக்கிறார்?" என்ற ஒரு கேள்வியை அன்று கேட்டிருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

இத்தனைக்கும் சாஸ்திரத்தை அன்று அடியேன் முழுமையாகப் படிக்கவில்லை என்பதே உண்மை. ஏகாதசி உபவாஸத்தை விதிக்கும் அதே ஸ்மிருதிகள், இயலாதவர்களுக்குப் பாலையும் பழத்தையும் ஒருவேளை உணவையும் அனுமதிக்கின்றன. ஒருவருக்காக மற்றொருவர் விரதம் ஏற்கும் பிரதிநிதி முறையையும் தர்ம சாஸ்திர நிபந்தங்கள் விரிவாகப் பேசுகின்றன. ஸுச்ருதர் தம் ஸம்ஹிதையின் சாரீர ஸ்தானத்தில், கர்ப்பிணி விலக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தும்போது பட்டினியையும், உடலை இளைக்க வைப்பதையும், இரவில் கண் விழிப்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். இவை இரண்டையும் ஒரே நாளில் ஒரு கர்ப்பிணியைச் செய்ய வைத்தவன் அடியேன்.

ரத்தச் சோகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது அவ்வளவு பரவலாக இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஹீமோக்ளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தச் சோகை. 2019–21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த நிலையில் இருந்தார்கள். இந்த உத்ஸவத்துக்கு நூறு கர்ப்பிணிகள் வந்தால் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு அது இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை எடை குறைந்தோ, நாள் நிரம்பாமலோ பிறக்கும் அபாயம் மிகுதி. பிரசவத்தில் சிறிது ரத்தம் போனாலும் தாயின் உயிருக்கே ஆபத்து. அரசு சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்து மாத்திரையை நான்காம் மாதம் முதல் நாள்தோறும், 180 நாட்களுக்குக் குறையாமல், விலையின்றித் தருகிறார்கள். அதை வாங்கிச் சென்று அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். சாப்பிட்டால் மலம் கறுக்கிறது, வயிறு குமட்டுகிறது என்பார்கள். கறுப்பது இயல்பு; பயப்பட வேண்டியதில்லை. குமட்டினால் மாத்திரையை நிறுத்தாமல் எப்படிச் சாப்பிடுவது என்று செவிலியரைக் கேட்கலாம். காபியோ தேநீரோ அருந்தும் வேளையில் அதைப் போட்டுக்கொண்டால் சத்து உடலில் சேராது. எலுமிச்சை ரஸமோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். காபி இல்லாமல் விடியாத நம் அக்ரஹாரத்து வீடுகளுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன்.

அந்த மாத்திரையிலேயே ஃபோலிக் அமிலம் என்ற ஒன்றும் கலந்திருக்கிறது. அதன் கதை நம் நாட்டில் தொடங்கியது. லூஸி வில்ஸ் என்ற ஆங்கில நாட்டுப் பெண் வைத்தியர் 1920களின் இறுதியில் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளிகளான ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உயிர்க்கொல்லியாக இருந்த ஒருவகை ரத்தச் சோகையை ஆராய்ந்தார். அவர்களுடைய உணவில் ஏதோ ஒரு சத்துக் குறைகிறது என்று கண்டு, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான ஒரு சாரத்தால் அவர்களைப் பிழைக்கச் செய்து, 1931இல் அதை வெளியிட்டார். பின்னர் 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரை வகை ஒன்றிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் பெயரிட்டார்கள். கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடியாகும் குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள்ளாகவே மூடிக்கொள்கிறது. இந்தச் சத்துக் குறைந்தால் அது சரியாக மூடாமல் போகலாம். முன்பு அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே இதைக் கொடுத்துவந்தால், மறுபடி அவ்வாறு நேர்வது நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைகிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991இல் நிறுவியது.

28 நாட்கள் என்றால் பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் தரித்திருப்பதே தெரியாத காலம். ஆகவேதான் திருமணமாகிக் குழந்தையை விரும்பும்போதே இதைத் தொடங்கச் சொல்கிறார்கள். நம் ஷோடச ஸம்ஸ்காரங்களில் முதலாவது எது? பும்ஸவனம் அன்று, ஸீமந்தம் அன்று, கர்ப்பாதானம். கரு உண்டாவதற்கு முன்பே சிரத்தை தொடங்கவேண்டும் என்பதை அந்த வரிசையே காட்டுகிறது. மந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிரத்தையை விட்டுவிட்டோம்.

அடுத்தது சர்க்கரை. இதில் நம் திருவள்ளூர்ப் பகுதிக்கே ஒரு பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு வைத்தியர் வீ. சேஷையா அவர்களும் அவருடைய குழுவினரும் சென்னை நகரத்திலும் சைதாப்பேட்டைப் பகுதியிலும் திருவள்ளூரைச் சார்ந்த கிராமங்களிலுமாகப் பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளைச் சோதித்து, முடிவுகளை 2008இல் வெளியிட்டார்கள். நகரத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பேருக்கும், இடைப்பட்ட பகுதியில் 14 பேருக்கும், கிராமத்தில் 10 பேருக்கும் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. அப்பொழுதிருந்த கிராமங்கள் பலவும் இன்று அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வயல் இருந்த இடத்தை அடியேனே பார்த்திருக்கிறேன். இன்று அங்கே நடப்பதற்கு இடமில்லை. ஆகவே நம் பகுதியின் கணக்கு இப்பொழுது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

இந்த நோய் உள்ளே செய்வது என்ன? தாயின் சர்க்கரை நஞ்சைக் கடந்து சிசுவிடம் செல்லும். அதை அடக்கும் இன்சுலின் அவ்வாறு கடந்து செல்லாது. எனவே சிசுவின் சிறிய கணையம் தானே மிகுதியாகச் சுரக்க நேர்கிறது. சிசு அளவுக்கு மீறிப் பருக்கிறது. "பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறது" என்று பாட்டிமார் மகிழ்வார்கள். ஆனால் பிரசவம் கடினமாகும். தொப்புள்கொடியை அறுத்ததும் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்றுவிட, பழக்கப்பட்ட கணையம் சுரந்துகொண்டே இருப்பதால், குழந்தையின் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து ஆபத்தாகலாம். அந்தக் குழந்தைக்கும் தாய்க்கும் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகுதி. இத்தனைக்கும் கண்டறிவது எளிது. 75 கிராம் குளுகோஸை நீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால், 140 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும். வெறும் வயிற்றில் வரவேண்டும் என்பதும் இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்யவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007இலேயே முடிவு செய்தது. பெரும்பாலோருக்கு உணவு ஒழுங்கும் நடையுமே போதும். சிலருக்கு மருந்து வேண்டும்.

இங்கே மடைப்பள்ளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "வெல்லம் சர்க்கரை ஆகாது, அதிலும் பெருமாள் பிரஸாதம் ஒன்றும் செய்யாது" என்று சொல்லி, சர்க்கரை நோய் கண்ட கர்ப்பிணிக்குத் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலைத் தருகிறார்கள். வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையாகவே சேரும். பிரஸாதத்தின் பெருமை அளவில் இல்லை. ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் இட்டுக்கொண்டு, மீதியைப் பக்கத்திலிருக்கும் குழந்தைக்குக் கொடுத்தால் பிரஸாதத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

சரகர் தம் ஸம்ஹிதையில், இனிப்பையே எந்நாளும் உண்ணும் கர்ப்பிணியின் பிள்ளை பிரமேஹ ரோகியாகவோ மிகப் பருத்தவனாகவோ ஆகக்கூடும் என்று எழுதியிருக்கிறார். இதை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, எல்லாம் நம் முன்னோர் சொன்னதே" என்று மார் தட்டுபவர்கள் உண்டு. அடியேனுக்கு அதில் உடன்பாடில்லை. அதே பட்டியலில், உப்பையே மிகுதியாக உண்பவளின் பிள்ளைக்கு இளநரையும் வழுக்கையும் வரும் என்றும் இருக்கிறது. அடியேனின் தலையை ஸேவித்தவர்கள் என் தாயாரைக் குறை சொல்லக் கூடாதல்லவா? முன்னோர் கூர்ந்து நோக்கினார்கள். சில இடங்களில் சரியாகவே கண்டார்கள். எல்லா இடத்திலும் அல்ல. கர்ப்பகால நீரிழிவு, தாய் இனிப்புத் தின்றதால் மட்டும் வருவது அன்று; நஞ்சிலிருந்து சுரக்கும் பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் வருவது. ஒழுங்காக உண்ட பெண்ணுக்கும் வரலாம்.

சரகர் சொன்னவற்றுள் அடியேன் மிகவும் போற்றுவது வேறொன்று. எண்ணெய் விளிம்பு வரை நிரம்பிய பாத்திரத்தைத் தளும்பாமல் எப்படிக் கையாள்வோமோ, அப்படிக் கர்ப்பிணியைப் பேணவேண்டும் என்கிறார். கவனியுங்கள். பாத்திரத்தைப் பார்த்து "நீ தளும்பாதே" என்று சொல்லவில்லை. அதைச் சுமப்பவர்களின் கையைப் பற்றியே பேசுகிறார்.

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. அடியேன் முன்பு சொன்ன அந்தப் பெண்ணின் குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது, "என்ன பாபம் செய்தாளோ, விரதத்தில் என்ன குறை வைத்தாளோ" என்று அவள் மாமியாரே பேசினார். பிழையான வாக்கைக் கொடுத்த அடியேனை எவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பூந்தமல்லிக்கு மேற்கே சில கல் தொலைவில் இருக்கும் திருமழிசைக்கு எத்தனையோ பேர் சென்று ஜகந்நாதப் பெருமாளை ஸேவித்திருப்பீர்கள். அங்கே பார்க்கவ மஹரிஷிக்கும் கனகாங்கிக்கும் பன்னிரண்டு மாதம் கழித்து, கையும் காலும் இல்லாத பிண்டமாக ஒரு சிசு பிறந்தது என்றும், அதை மூங்கிற்புதரின் அடியில் விட்டுச் சென்றார்கள் என்றும் குருபரம்பரை கூறும். எம்பெருமானும் பிராட்டியும் கடாக்ஷித்து அதற்கு உயிரும் உறுப்பும் அருளினார்கள். பிரம்பு அறுக்க வந்த திருவாளன் எடுத்துச் செல்ல, அவன் மனைவி பங்கயச் செல்வி வளர்த்தாள். அந்தப் பிள்ளையே திருமழிசைப்பிரான். இந்த வைபவத்தில் கனகாங்கி என்ன தவறு செய்தாள் என்று எவரும் கேட்கவில்லை. எடுத்து அணைத்த கையே போற்றப்படுகிறது. ஆழ்வார் அவதரித்த மண்ணுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு, குறையோடு பிறந்த குழந்தையின் தாயை நாம் தூற்றலாமா?

கர்ப்பத்திலேயே கேட்ட ப்ரஹ்லாதனை எல்லோரும் அறிவீர்கள். இந்திரன் கயாதுவை இழுத்துச் செல்லும்போது நாரதர் தடுத்து, அவளைத் தம் ஆச்ரமத்துக்கு அழைத்துச் சென்று, கணவன் திரும்பும் வரை அங்கே அச்சமின்றி இருக்கச் செய்தார். அதன் பிறகே உபதேசம். முதலில் அபயம், பின்பு ஞானம். இந்த முறையை நாம் தலைகீழாக்கி, கர்ப்பிணியின் கையில் ஸ்தோத்ரப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அவள் காதில் விழும்படி வீட்டில் சண்டையிடுகிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்து, மின்சார ரயிலின் நெரிசலில் வீடு திரும்பும் பெண்ணுக்கு, அன்றைய சமையலும் காத்திருக்கிறது. சட்டப்படி, அதற்கு உட்பட்ட நிறுவனங்களில் முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அதைக் கேட்டுப் பெற வீட்டார் துணை நிற்பதும் அபயம் அளிப்பதுதான்.

கர்ப்பத்தில் சிசு கேட்கும் என்பது கதை மட்டும் அன்று. 1986இல் அமெரிக்காவில், பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம் தாய்மார்கள் ஒரு கதையைத் தினமும் உரக்கப் படித்தார்கள். பிறந்த சில நாட்களில் அந்தக் குழந்தைகள் மற்றக் கதையைவிட அந்தக் கதையின் ஒலியையே விரும்பிக் கேட்டதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஸீமந்தத்தில் வீணை வாசிப்பவர்களைப் பாடச் சொல்லவும், தாம் வாழும் இடத்து நதியின் பெயரைச் சொல்லவும் க்ருஹ்ய ஸூத்ரங்கள் விதிக்கின்றன. நம் பகுதியில் ஸீமந்தம் செய்து வைக்கும்போது எந்த நதியின் பெயரைச் சொல்வது என்று அடியேன் சற்றுத் தயங்குவதுண்டு. கூவத்தைத்தான் சொல்லவேண்டும். அதுவும் ஒரு காலத்தில் தெளிந்து ஓடிய நதிதான்.

ரத்த அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கால் வீக்கம் பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்பு என்று விட்டுவிடுவார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் முகமும் கையும் வீங்குதல், விடாத தலைவலி, கண் மங்குதல் ஆகியவை கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் செல்லவேண்டும். நல்ல நாள் பார்க்கக் கூடாது. பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும் தொழிலில் இருக்கும் அடியேனே இதைச் சொல்கிறேன். ருபெல்லா என்னும் அம்மை கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாக்கினால் குழந்தைக்குக் கண் புரையும் செவிட்டுத்தன்மையும் இருதயக் கோளாறும் வரலாம். அதற்குரிய தடுப்பூசியைக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், கர்ப்பகாலத்தில் போடுவதில்லை.

ஆவடியைக் கடந்து ரயிலில் வருபவர்கள் திருநின்றவூரில் இறங்கிப் பக்தவத்ஸலப் பெருமாளை ஸேவிப்பீர்கள். அங்கே தாயாரின் திருநாமம் என்னைப் பெற்ற தாயார். வைகுண்டத்தை விட்டு வந்து இங்கே நின்றுவிட்ட பிராட்டியைத் திரும்ப எழுந்தருளுமாறு ஸமுத்ர ராஜன் வேண்டியபோது அழைத்த பெயர் அது என்பது ஸ்தல புராணம். பிராட்டியோ பாற்கடலில் தோன்றியவள். அவனுக்கு மகள் முறை. பெற்ற மகளையே அவன், என்னைப் பெற்ற தாயே என்று அழைத்தான். ஸீமந்தத்துக்குப் பிறந்தகத்திலிருந்து வரும் தகப்பனார்களிடம் அடியேன் இந்த வைபவத்தைச் சொல்வது வழக்கம். மாமனார்களிடமும் சொல்கிறேன், அவர்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

அன்று ஒரு கிலோ 600 கிராமாகப் பிறந்த பிள்ளை, பெருமாளின் கிருபையாலும் அந்தச் செவிலியரின் கைராசியாலும் நன்றாக வளர்ந்து, இப்பொழுது உத்ஸவத்தில் ஸ்ரீபாதந்தாங்கிகளோடு தோள் கொடுக்கிறான். அவன் தாயார் ஆண்டுதோறும் வந்து அடியேனிடம் தீர்த்தம் வாங்கிக்கொள்கிறாள். பழையதைப் பற்றி ஒருநாளும் அவள் பேசியதில்லை.

இவ்வாண்டு கருட ஸேவையன்றும் மற்ற நாட்களிலும், கர்ப்பிணிகள் வரிசையில் நிற்க வேண்டாம். மடைப்பள்ளியை ஒட்டிய பக்க வாசலில் நிழலும் நாற்காலியும் தண்ணீரும் தயிரன்னமும் ஏற்பாடாகியிருக்கின்றன; அங்கிருந்தே நேராக உள்ளே அழைத்துச் சென்று ஸேவை செய்து வைப்பார்கள். உடன் ஒருவரும் வரலாம். உபவாஸமோ வேண்டுதலோ ஏற்றிருந்தால், அதை வீட்டில் வேறொருவர் பிரதிநிதியாக ஏற்றுக்கொள்ள ஸங்கல்பம் செய்து வைக்கிறோம். காலை ஆறு மணி முதல் த்வஜஸ்தம்பத்தின் அருகில் அடியேன் இருப்பேன். கணவன்மார்கள் முன்வந்தால் விசேஷம்.